தேயிலை மலைச் சரிவுகளில் குடும்பமாக மலைச் சைக்கிள் ஓட்டப் பழகலாமா?

கேள்வி: டிக்கோயா ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் டிக்கோயாப் பக்கத்தில் வசிக்கிறோம். கணவரும் நானும் ஆசிரியர்கள். மகள் தரம் 9 இல் படிக்கிறாள். மகன் சென்ற ஆண்டுதான் புலமைப்பரிசில் பரீட்சையை எழுதி முடித்தான். அந்தப் பரீட்சைக்காகச் சனி, ஞாயிறு என்று பாராமல் வகுப்பும் பயிற்சித் தாளுமாக ஓடிய குடும்பத்துக்கு, இனி வார இறுதியில் நால்வரும் சேர்ந்து வெளியில் செய்யக்கூடிய ஒரு விளையாட்டு வேண்டும் என்று பொங்கல் முடிந்த கையோடு பேசி முடிவெடுத்தோம். கிரிக்கெட் என்றால் மகனும் தந்தையும் மட்டும் விளையாடுவார்கள், நானும் மகளும் பார்த்துக்கொண்டிருப்போம். அதனால்தான் மலைச் சைக்கிள் ஓட்டலாம் என்ற எண்ணம் வந்தது.

கணவர் கிளிநொச்சியில் வளர்ந்தவர். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் தோட்டத்தை விட்டு வன்னிக்குக் குடிபெயர்ந்த பல குடும்பங்களில் அவருடைய பெற்றோரின் குடும்பமும் ஒன்று. அங்கே சைக்கிள் இல்லாத வீடு கிடையாது. பாடசாலைக்கும் கடைக்கும் வயலுக்கும் அதிலேயே போய் வந்தவர். நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். எங்கள் தோட்டத்தில் தப்பால்காரர்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துதான் வருவார். சைக்கிள் சமதரைக்கு உரியது, மலையில் பிறந்தவர்களுக்குக் கால்தான் வாகனம் என்ற எண்ணத்திலேயே வளர்ந்தோம். ஆகவே எனக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது. மகளுக்கும் மகனுக்கும் பாடசாலை மைதானத்தில் சுற்றி வரும் அளவுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டைச் சுற்றி எங்கு பார்த்தாலும் ஏற்றமும் இறக்கமும்தான். இத்தகைய இடத்தில் ஓட்டத் தெரியாத ஒருவரும், சமதரையில் மட்டும் ஓட்டிப் பழகிய ஒருவரும், இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து இந்த விளையாட்டைத் தொடங்குவது அறிவுடைய செயலா? தொடங்கலாம் என்றால் எதை முதலில் பழக வேண்டும், எங்கே பழக வேண்டும், எவ்வகையான சைக்கிள் வாங்க வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். நாற்பதைக் கடந்த பெண் சைக்கிள் பழகுவதையும், வயது வந்த மகள் தோட்டப் பாதையில் சைக்கிளில் போவதையும் எங்கள் பக்கத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்ற தயக்கம் எனக்கு உண்டு. அதைப் பற்றியும் எழுதுங்கள்.

பதில் 1: பண்டாரவளைச் சைக்கிளோட்டி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: மலையில் சைக்கிள் ஓட்டுவது என்பது, அடிப்படையில், நிறுத்தப் பழகுவதுதான். ஏற்றத்தில் யாரும் பெரிதாக அடிபடுவதில்லை. மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். அடிபடுவதெல்லாம் இறக்கத்தில்தான். இங்கே உங்கள் கணவர் மிகவும் கவனமாக இருக்க வேண்டும் என்று அன்போடு சொல்கிறேன். வன்னியில் வளர்ந்தவருக்குச் சைக்கிளின் மீது பயம் இருக்காது, ஆனால் தொடர்ச்சியாக இரண்டு கிலோமீற்றர் இறங்கும்போது பிரேக்கை எப்படிக் கையாள்வது என்பதைப் பழக அந்த நிலம் அவருக்கு வாய்ப்பே தந்திருக்காது.

இந்த விளையாட்டின் பிறப்பே பிரேக்கோடு சம்பந்தப்பட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் என்ற மலைப் பகுதியில், 1970களில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர்ச் சைக்கிள்களை மண் பாதையில் ஓட்டி இறங்கினார்கள். 1976 ஒக்டோபர் 21 அன்று அங்கே அவர்கள் முதன்முறையாக நேரம் குறித்துப் போட்டி நடத்திய பாதை, மூன்று கிலோமீற்றரைச் சற்றே தாண்டிய தூரத்துக்குள் ஏறத்தாழ 400 மீற்றர் உயரம் இறங்குவது. அந்தச் சைக்கிள்களில் பின் சக்கரத்தின் அச்சுக்குள்ளேதான் பிரேக் இருந்தது. ஒரு முறை இறங்கி முடிப்பதற்குள் அது சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் எல்லாம் புகைந்து போய்விடும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பின்னும் கழற்றிப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. 'ரீபேக்' (மீண்டும் அடைத்தல்) என்ற பெயர் அந்தப் பாதைக்கு வந்தது அதனால்தான். இருபதே ஆண்டுகளில், 1996 இல், அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளோட்டம் ஒரு போட்டியாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. பாவித்த ஜப்பான் சைக்கிள்கள் நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. முன்னால் கூடையும் பின் சக்கர அச்சோடு ஒட்டிய பட்டைப் பிரேக்கும் கொண்ட அவை, நகரத்தில் மரக்கறி வாங்கிவரச் செய்யப்பட்டவை. நீண்ட இறக்கத்தில் அந்தப் பின் பிரேக் கிறீச்சிடுமே தவிர, போதிய அளவு பிடிக்காது. விலையைப் பார்த்து அதை வாங்கிவிடாதீர்கள். இரு சக்கரங்களிலும் தட்டுப் பிரேக் (டிஸ்க் பிரேக்) உள்ள மலைச் சைக்கிள்தான் நம் ஊருக்குப் பொருத்தம். அது கட்டுப்படியாகாவிட்டால், சக்கர விளிம்பை இருபுறமும் கவ்வும் நல்ல பிரேக்காவது இருக்க வேண்டும்.

வாங்கும் கடையிலேயே இதைச் செய்து பாருங்கள். சைக்கிளை நின்ற நிலையில் முன்னோக்கித் தள்ளிக்கொண்டே முன் பிரேக்கை அழுத்தினால், பின் சக்கரம் தரையை விட்டு எழ வேண்டும். அவ்வாறே தள்ளிக்கொண்டு பின் பிரேக்கை அழுத்தினால், பின் சக்கரம் உருளாமல் தரையில் இழுபட வேண்டும். பிறகு மகனை உட்காரவைத்து, கைப்பிடியில் கை வைத்தபடியே அவனுடைய ஆட்காட்டி விரலின் முதல் மூட்டு பிரேக் கம்பியை எட்டுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் எட்டாது. கம்பியின் அடியில், கைப்பிடிக்கு அருகே, சிறிய திருகு ஒன்று இருக்கும். அதை உள்ளே திருகினால் கம்பி கைப்பிடியை நோக்கி நெருங்கி வரும். ஒரு நிமிட வேலைதான், ஆனால் பல கடைகளில் இதைச் செய்து தருவதில்லை. விரல் எட்டாத பிள்ளை இறக்கத்தில் கைப்பிடியை விட்டுவிட்டுப் பிரேக்கைத் தேடும். அந்த நேரத்தில் ஒரு கல் தட்டினாலும் போதும், விழுந்துவிடும். வலக்கைப் பிரேக் முன் சக்கரத்துக்கா பின் சக்கரத்துக்கா என்பதையும் நால்வரின் சைக்கிளிலும் பார்த்து ஒரே மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவற்றில் அது மாறியிருப்பதுண்டு.

இனி இறங்கும் முறை. பெடல்கள் இரண்டையும் சமமட்டத்தில் வைத்து, இருக்கையிலிருந்து சற்றே எழுந்து, முழங்காலையும் முழங்கையையும் தளர்த்தி, உடலின் பாரத்தைப் பின்னோக்கித் தள்ள வேண்டும். பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் நுழையும்போது கையைத் தளர்த்திவிட வேண்டும். வளைவின் நடுவில், அதுவும் சரளைக் கல்லின் மீது, முன் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கும். முன் பிரேக் ஆபத்தானது, பின் பிரேக்கை மட்டும் பிடி என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் பெற்றோர் பலர் இருக்கிறார்கள். அது தவறு. இறங்கும்போது பாரம் முழுவதும் முன் சக்கரத்துக்கு வருவதால், நிறுத்தும் வலுவும் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, மெதுவாகக் கூட்டிக் கூட்டிப் பிடிக்கப் பழக்குங்கள். விளிம்புப் பிரேக் உள்ள சைக்கிளாக இருந்தால், நீண்ட இறக்கத்தில் இடையிடையே நின்று விளிம்பு ஆற விடுங்கள். விடாமல் உரசிக்கொண்டே இறங்கினால் சூடேறி டியூப் வெடிக்கலாம்.

முதல் சில வாரங்களுக்கு இந்த ஒன்றை மட்டும் விளையாட்டாகவே செய்யுங்கள். மெல்லிய சரிவுள்ள இடத்தில் தரையில் ஒரு கோடு கிழித்து, அந்தக் கோட்டில் முன் சக்கரம் நிற்குமாறு யார் நிறுத்துகிறார்கள் என்று நால்வரும் போட்டி வையுங்கள். பிள்ளைகள் இதில் சலிக்கவே மாட்டார்கள்.

பதில் 2: தலவாக்கலைத் தாய்

அக்கா, உங்கள் தயக்கத்தைப் படித்தபோது எனக்கு நெருக்கமான ஒன்றை வாசிப்பது போல இருந்தது. பெரியவர்கள் சைக்கிள் பழகுவது பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

யாராவது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர, நீங்கள் மிதித்துப் பழகும் பழைய முறை வேண்டாம். சைக்கிள் கடையில் கொடுத்து இரண்டு பெடல்களையும் கழற்றிவிடச் சொல்லுங்கள். இருக்கையை முழுமையாகத் தாழ்த்தி, உட்கார்ந்தபடியே இரு பாதங்களும் தரையில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கால்களால் தரையைத் தள்ளித் தள்ளி நகருங்கள். சமநிலை என்பது மிதிப்பதால் வருவதில்லை, விழப்போகும் பக்கத்துக்குக் கைப்பிடியைச் சிறிதாகத் திருப்புவதால் வருகிறது. பெடல் இல்லாதபோது மனம் அதை மட்டும் கவனிக்கும். பாதங்கள் எப்போதும் தரைக்கு அருகில் இருப்பதால் பயமும் குறையும். காலைத் தூக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து மீற்றர் உருள முடிந்த பிறகு பெடலைப் பூட்டலாம். பூட்டும்போது இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த் திசையில் சுற்றும் என்பதைக் கணவரிடம் சொல்லுங்கள். தெரியாமல் பலவந்தமாகத் திருகினால் மரை கெட்டுவிடும்.

ஒரு நல்ல பழக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். நீங்கள் பழகும்போது பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லாம் தெரிந்தவராக இருக்கும் அம்மா ஒன்றைப் புதிதாகக் கற்பதைப் பார்க்கும் வாய்ப்பு பிள்ளைகளுக்கு எளிதில் கிடைப்பதில்லை. உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை மகளிடம் கொடுங்கள். தரம் 9 இல் படிக்கும் பிள்ளைக்கு அந்தப் பொறுப்பு தரும் பெருமிதம் மிகப் பெரியது.

ஊர் பார்ப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பார்ப்பார்கள், பேசவும் செய்வார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விடியற்காலையில் எழுந்து, பாரக் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிச் சரிவில் ஏறி இறங்குகிற பெண்களின் ஊர் இது. பெண்ணின் உடம்பு உழைக்கலாம், விளையாடக் கூடாது என்று சொல்வதற்கு எந்த நியாயமும் கிடையாது. நால்வரும் சேர்ந்து போவதே மிகப் பெரிய பாதுகாப்பு. பாதையில் வருகிறவர்களுக்கு முதலில் நீங்களே வணக்கம் சொல்லி, வேகத்தைக் குறைத்து, வழிவிட்டுப் போங்கள். சில வாரங்களில் உங்களைக் காணாத ஞாயிற்றுக்கிழமையில்தான் விசாரிப்பார்கள்.

உடை விடயத்தில், கணுக்காலோடு ஒட்டிய காற்சட்டையும் அதற்கு மேல் இடுப்புக்குச் சற்றுக் கீழே வரும் மேற்சட்டையும் போதும். சுடிதார் அணிந்தால் துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், காற்சட்டையின் வலக்கால் விளிம்பைச் சங்கிலியில் சிக்காதபடி மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். தொங்கும் துணி பின் சக்கரத்தில் சிக்கினால் கழுத்துக்கே ஆபத்து. செருப்போடு ஓட்டக் கூடாது, சப்பாத்து வேண்டும். தலைக்கவசம் நால்வருக்கும் வேண்டும், உங்களுக்கும் கணவருக்கும் உட்பட. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் அது நிற்க வேண்டும். தாடையின் கீழ் வாரை மாட்டிய பிறகு இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மட்டுமே இடைவெளி இருக்க வேண்டும்.

பதில் 3: ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர்

மகள், நான் பொகவந்தலாவைப் பக்கத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். சைக்கிளைப் பற்றி மேலே எழுதியவர்கள் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். பாதையைப் பற்றி நான் சொல்கிறேன்.

தோட்டத்தில் இரண்டு வகைப் பாதை உண்டு. ஒன்று ரோடு. அந்தக் காலத்தில் மாட்டு வண்டி ஏறவும், பின்னர் கொழுந்து லொறி ஏறவும் தக்கதாக மலையைச் சுற்றி வளைத்து வளைத்து வெட்டியது. அதன் சாய்வு ஓரளவு ஒரே சீராக இருக்கும். மற்றது குறுக்குப் பாதை. லயத்திலிருந்து கொழுந்து பறிக்கும் மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் ஆட்கள் நேராக ஏறி இறங்கி உண்டானது. அதில் படிக்கட்டும் உண்டு, வடிகால் கானும் குறுக்கிடும், மழைக்காலத்தில் பாசியும் பிடித்திருக்கும். உங்கள் குடும்பம் நெடுங்காலத்துக்கு ரோட்டில் மட்டும் ஓட்ட வேண்டும். குறுக்குப் பாதையில் இறங்குவதைப் படங்களில் பார்த்துவிட்டு மகன் ஆசைப்படுவான், விடாதீர்கள்.

ரோடு தோட்டத்துக்குச் சொந்தமானது. ஆகவே தோட்ட அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து அனுமதி பெறுங்கள். யார் யார், எந்த நாளில், தோட்டத்தின் எந்த டிவிஷனில் (பிரிவில்), எத்தனை மணி வரை என்று எழுதிக் கொடுத்தால், வெளிக்கள உத்தியோகத்தரே உங்களுக்கு எந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிடுவார். அது வெறும் மரியாதைக்காக அல்ல. எந்த மலையில் அன்று மருந்து அடித்திருக்கிறார்கள், எந்தப் பக்கம் மண் சரிந்திருக்கிறது, எந்த மரத்தில் குளவி கட்டியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

குளவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்படும் செய்தியைப் பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிறோம், உயிரிழந்தவர்களும் உண்டு. பெரிய மரங்களின் உயர்ந்த கிளைகளிலும் பாறைத் தாழ்வாரங்களிலும் கூடு தொங்கும். பருந்தோ குரங்கோ கூட்டைக் கலைத்துவிட்டால், அடுத்து அந்த வழியாக வருபவர்கள் மீது பாயும். கூடு இருக்கும் பகுதியில் கூச்சல் போடுவது, மணி அடிப்பது, வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போவது எல்லாவற்றையும் தவிருங்கள். கலைந்துவிட்டால் கையை வீசி அடிக்கக் கூடாது. மேற்சட்டையை இழுத்துத் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, சைக்கிளைப் போட்டுவிட்டு, மூடிய கட்டடம் ஒன்றுக்குள் புகும் வரை ஓட வேண்டும். சைக்கிளைப் பிறகு எடுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலைதான் உகந்த நேரம். வேலை நாட்களில் கொழுந்து நிறுக்கும் வேளையில் மடுவத்தைச் சுற்றிலும் ரோடு முழுக்க ஆட்களும் கூடைகளும் சாக்குகளும் லொறியுமாக இருக்கும், அங்கே சைக்கிளோடு போவது அவர்கள் வேலைக்கு இடையூறு. குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளை மடுவத்தின் வாசலில் எந்த நாளானாலும் இறங்கி நடந்து போங்கள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையை ஒட்டி ஓடும் ரோட்டில் வளைவுக்கு அப்பாலும் நன்றாகத் தெரியும், பழகுவோருக்கு அது நல்ல இடம். ஆனால் வெட்டிய மிலாறு, அதாவது தேயிலைக் குச்சி, ரோட்டில் சிதறிக் கிடக்கும், அதன் கூர் முனை டயரைத் துளைத்துவிடும். ஒரு மாற்று டியூப்பும் காற்றடிக்கும் பம்பும் பையில் இருக்கட்டும்.

மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். எங்கள் பக்கத்தில் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை விடாது. தை, மாசி, பங்குனிதான் காய்ந்திருக்கும். சித்திரையில் காலையில் வெயில் அடித்தாலும் பிற்பகலில் இடியோடு மழை வரும், ஆகவே பதினொரு மணிக்கு முன் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகளில் அறிவிக்கிறது. மஞ்சள் வந்தாலே உங்கள் பயணத்தை நிறுத்துங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவைப் பார்த்த தலைமுறை நாம். ரோட்டின் குறுக்கே புதிதாக வெடிப்புக் கண்டாலோ, மேட்டிலிருந்து வழக்கமில்லாமல் கலங்கிய நீர் கசிந்தாலோ, மரங்கள் சாய்ந்திருந்தாலோ, அந்த இடத்தைத் தாண்ட வேண்டாம். திரும்பி வந்து அலுவலகத்தில் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: டிக்கோயா ஆசிரியை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா எழுதியதைக் கணவரும் நானும் சேர்ந்து வாசித்தோம். தோட்ட அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை மகளே எழுதத் தொடங்கிவிட்டாள். பெடலைக் கழற்றிப் பழகும் யோசனை எனக்கு மிகுந்த தைரியத்தைத் தந்தது, அவ்வாறு ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரியாது.

இன்னும் இரண்டு விடயங்களைக் கேட்க விரும்புகிறேன். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நால்வருமாக அப்புத்தளைக்குப் போய், தம்பேதென்னையிலிருந்து லிப்டன் ஆசனம் என்ற மலையுச்சிக் காட்சியிடம் வரை ஓட்ட வேண்டும் என்பது கணவரின் ஆசை. அதற்குள் நாங்கள் தயாராகிவிடுவோமா? மேலும், மகளும் தந்தையும் முன்னால் வேகமாகப் போய்விடுவார்கள், நானும் மகனும் பின்தங்கிவிடுவோம் என்று நினைக்கிறேன். அப்படியானால் குடும்பமாகச் சேர்ந்து செய்வது என்ற நோக்கமே போய்விடுமே?

பதில் 4: பண்டாரவளைச் சைக்கிளோட்டி

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் முக்கியமானது. ஏற்றத்தில் மிகவும் மெதுவாகப் போகிறவர் முன்னால் போகட்டும். உங்கள் குடும்பத்தில் அது நீங்களாகவோ மகனாகவோ இருக்கும். அவருடைய வேகமே அன்றைக்கு எல்லோருடைய வேகமும். இறக்கத்தில் ஒழுங்கு மாற வேண்டும்: நிதானமாகப் பிரேக் பிடிக்கத் தெரிந்த பெரியவர் முன்னால், பிள்ளைகள் நடுவில், மற்றப் பெரியவர் கடைசியில். முன்னால் போகிறவரை யாரும் முந்தக் கூடாது என்பது மீற முடியாத சட்டமாக இருக்கட்டும். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் பஸ் வண்டி இரண்டு நிற்கும் அளவுக்காவது இடைவெளி விடுங்கள். வேகமாகப் போக விரும்பும் மகளுக்கு இன்னொரு வழி உண்டு. ஏற்றத்தில் அவள் அடுத்த வளைவு வரை ஏறிவிட்டுத் திரும்பி இறங்கி உங்களிடம் வரட்டும், மறுபடி ஏறட்டும். அவளுக்கு உடற்பயிற்சியும் கிடைக்கும், குடும்பமும் பிரியாது.

லிப்டன் ஆசனத்தைச் சித்திரையில் வேண்டாம் என்றே சொல்வேன். தம்பேதென்னைத் தொழிற்சாலையிலிருந்து மேலே ஏறத்தாழ 7 கிலோமீற்றர். ஏறுவதற்கு நீங்கள் தயாராகிவிடலாம். ஆனால் அதே 7 கிலோமீற்றரை இறங்கியாக வேண்டும். ஒடுங்கிய பாதை, கூர்மையான வளைவுகள், விடுமுறைக் காலத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு எதிரே வரும் முச்சக்கரவண்டிகள். கணவரின் ஆசையை விட்டுவிட வேண்டியதில்லை, ஓகஸ்ட் விடுமுறைக்குத் தள்ளிவையுங்கள். உங்கள் டிக்கோயாவில் மழை கொட்டும் அந்த மாதங்களில்தான் மலைத்தொடரின் மறுபக்கமாகிய, அப்புத்தளை இருக்கும் ஊவாவில் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைத் தருவதும் அந்தக் காற்றுத்தான். மழை இராது, பாதை காய்ந்திருக்கும். காற்று மட்டும் பலமாக இருக்கும், ஆகவே விடியற்காலையில் ஏறுங்கள். இறங்கும்போது எவருக்காவது கை வலித்தால் இறங்கித் தள்ளிக்கொண்டே வாருங்கள். மகனின் விரல்கள்தான் முதலில் சோர்ந்துபோகும், அதை அவன் தானாகச் சொல்ல மாட்டான். ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் நிறுத்தி அவனைக் கையை விரித்து மடக்கச் சொல்லுங்கள்.

சித்திரைக்கு வேறு இடம் சொல்கிறேன். அம்பேவளையிலிருந்து பட்டிப்பொல வரையான பாதை. புல்வெளியும் பால் பண்ணையும் காற்றாலைகளுமாக, மேட்டுநிலத்தில் மெல்ல ஏறி இறங்கும். பட்டிப்பொல ரயில் நிலையம் ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம் அது. அங்கிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறும் பாதை செங்குத்தானது, ஆகவே பட்டிப்பொலையோடு திரும்பிவிடுங்கள்.

பதில் 5: தலவாக்கலைத் தாய்

தம்பி சொல்லும் அம்பேவளைப் பாதை அழகானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சித்திரை விடுமுறையில் அந்தப் பக்கம் வரும் வாகனங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். நுவரெலியாவின் வசந்த காலக் கொண்டாட்டத்துக்குக் கொழும்பிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் பால் பண்ணையைப் பார்க்கவும் வருவார்கள். புதிதாக மிதிக்கத் தொடங்கிய அக்காவுக்கு, பின்னால் ஒரு வான் ஹோர்ன் அடித்தாலே போதும், கை நடுங்கிவிடும். என்னுடைய கருத்து, புத்தாண்டு நாட்களைத் தவிர்த்து, விடுமுறையின் கடைசி வாரத்தில் ஒரு வேலை நாளின் காலையில் அங்கே போவது நல்லது. அதுவரை, அனுமதி கிடைத்த தோட்ட ரோடே உங்களுக்குப் போதும்.

பதில் 6: மாவட்ட வைத்தியசாலைத் தாதி

மருத்துவ விடயங்களை மட்டும் சுருக்கமாகச் சேர்க்கிறேன். சிராய்ப்பு ஏற்பட்டால் ஓடும் சுத்தமான நீரிலும் சவர்க்காரத்திலும் மண் முழுமையாகப் போகும் வரை கழுவுங்கள். தேயிலைத் தூளோ மஞ்சளோ அப்ப வேண்டாம். இரத்தம் வடிந்தால் சுத்தமான துணியை வைத்து, இடையில் எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நால்வருக்கும் ஏற்புவலித் தடுப்பூசி எப்போது போட்டது என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

தலையில் அடிபட்டால், எழுந்து சிரித்துக்கொண்டு நின்றாலும், அன்று மீண்டும் சைக்கிளில் ஏற்றாதீர்கள். அடுத்த 24 மணி நேரத்துக்குள் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு வாருங்கள். அடி வாங்கிய தலைக்கவசத்தை மாற்ற வேண்டும். குளவி கொட்டி முகமோ உதடோ வீங்கினாலும், மூச்சு இரைத்தாலும், மயக்கம் வந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990 ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம். அழைக்கும்போது தோட்டத்தின் பெயரோடு டிவிஷனின் பெயரையும், மெயின் ரோட்டிலிருந்து எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். மலைப் பகுதியில் நேரம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். மலை மடிப்புகளில் கைபேசிக்கு அலைவரிசை கிடைக்காத இடங்கள் எவை என்று முதல் பயணத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

நாய் துரத்தினால் வேகமாக மிதித்துத் தப்ப முயலாதீர்கள். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்கு வாருங்கள்.

பதில் 7: ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர்

தாதி மகள் சொன்ன டிவிஷன் பெயர் விடயம் மிகவும் சரியானது. அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தோட்டத்தில் ஒவ்வொரு மலைக்கும் நம்பர் உண்டு, ரோட்டோரத்தில் சிறிய பலகையிலோ கல்லிலோ எழுதியிருக்கும். பிள்ளைகளுக்கு அதை வாசித்துச் சொல்லப் பழக்குங்கள். 'மேல் டிவிஷன், ஏழாம் நம்பர் மலை' என்று சொன்னால், தோட்டத்தில் யாராக இருந்தாலும் உங்களைத் தேடி நேராக வந்துவிடுவார்கள். அனுமதிக் கடிதத்தின் பிரதி ஒன்றை மகளின் பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். காவல்காரர் கேட்டால் அவளே காட்டட்டும்.